பக்கவாதம் வந்தவருக்குப் புரை ஏறாமல் ஊட்டுவது எப்படி?

சாப்பிடும்போது புரை ஏறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று சொல்லித் தலையில் தட்டுவோம். பக்கவாதம் வந்தவர் விஷயத்தில் அப்படி விட்டுவிடாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரை போகலாம். அப்பாவுக்கு ஊட்டி ஊட்டி நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் கவனியுங்கள். குடித்ததும் இருமல், தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோன்ற குரல், கன்னத்தில் ஒதுங்கிக்கிடக்கும் சோறு, அடிக்கடி காய்ச்சல். ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லி, ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர் அவர்தான். சிலருக்கு இருமலே வராமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்க்கிறார்கள். வீட்டில் தண்ணீர் கொடுத்து நீங்களே சோதிக்க வேண்டாம்.

வாயால் சாப்பிடலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு, நேராக உட்கார வையுங்கள். சாய்ந்த நிலையில் ஊட்டக் கூடாது. அண்ணாந்து குடிக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாயின் வழி திறந்துகொள்ளும்.

அடுத்தது பதம். இங்கேதான் நாங்கள் தவறினோம். தண்ணியாக இருந்தால் சுலபமாக இறங்கும் என்று ரசம் சாதம் கொடுத்தோம். தொண்டை தயாராகும் முன்பே ரசம் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும். இரண்டும் கலந்ததுதான் மிகவும் சிரமம். அப்பாவுக்குச் சொன்னது கூழ்பதம்: கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே திரளாக விழ வேண்டும், நீர் பிரியக் கூடாது. உங்கள் வீட்டவருக்கு எந்தப் பதம் என்பதைத் தெரபிஸ்ட் சொல்வார். ஒன்று கவனியுங்கள், எச்சில் பட்ட கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்திலேயே போட்டுவைத்தால் கஞ்சி நீர்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

டீஸ்பூன் அளவு போதும். பலமுள்ள பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். குரல்வளை மேலேறி இறங்குகிறதா என்று கழுத்தைப் பாருங்கள். அப்புறம் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக இருந்தால்தான் அடுத்த வாய். டிவி வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருந்தால் அந்த வேளையைத் தள்ளிப்போடுங்கள்.

முடிந்ததும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்து, அரை மணி நேரம் உட்கார வையுங்கள். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள். மூச்சு அடைத்துப் பேச முடியாமல் போனால் முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்டுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சில வாரங்களில் பலருக்கும் விழுங்குவது தேறும். கூழிலேயே மாதக்கணக்கில் வைத்திருக்காமல் மறுபரிசோதனைக்குத் தேதி கேட்டு வாங்குங்கள்.