காட்டுத்தீயில லைவ் லொகேஷனை நம்பும்போது நடக்குற தப்புகள்

2013 ஜூன் 30, அமெரிக்காவுல அரிசோனா, யார்னெல் ஹில் தீ. கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட்ஸ்ங்கற காட்டுத்தீ அணைக்குற குழுவுல 19 பேர் ஒரே இடத்துல கருகிப் போனாங்க. அவங்க மாட்டிக்கிட்ட நேரத்துல தலைக்கு மேல ஒரு பெரிய டேங்கர் விமானம் தீயடக்குற மருந்தை நிரப்பிக்கிட்டு ரெடியா சுத்திட்டு இருந்துச்சு, ஆனா எங்க கொட்டணும்னு யாருக்கும் தெரியல, ஏன்னா அந்த 19 பேர் எங்க இருக்காங்கன்னே தெரியல. கடைசியில பாத்தா, பாதுகாப்பா இருக்கும்னு அவங்க போய்க்கிட்டு இருந்த பண்ணை வீட்டுக்கு சுமார் 600 கஜம் தள்ளித்தான் கிடந்தாங்க. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

இதுக்கப்புறம் எல்லாரும் சொன்னது, "ஆளுக்கொரு ஜிபிஎஸ் கொடுத்திருந்தா தப்பிச்சிருப்பாங்களே". 2019 மார்ச்சுல அங்க ஒரு சட்டமே வந்துச்சு, டிங்கெல் சட்டம்னு சொல்வாங்க, பெரிய தீ விபத்துகள்ல இறங்குற குழுக்கள் எங்க இருக்காங்கன்னு தூரத்துல இருந்தே பாக்குற வசதி வேணும்னு. நல்ல விஷயம், எனக்கும் அது கண்டிப்பா வேணும்னுதான் தோணுது. ஆனா கருவி கைக்கு வந்ததும் புதுசா சில தப்புகளும் கூடவே வந்துடுது, அதைப் பத்தித்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன்.

முதல் தப்பும் பெரிய தப்பும் இதுதான்: மேப்ல தெரியுற புள்ளியை "இப்போ"ன்னு நினைச்சுக்கிறது. சேட்டிலைட் வழியா போற டிராக்கர் நிறைய, பேட்டரி மிச்சம் பண்ண 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் இடத்தை அனுப்பும். யார்னெல்ல கடைசி நேரத்துல காத்து திரும்பினப்போ தீ மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சு. கணக்குப் போட்டுப் பாருங்க, 10 நிமிஷத்துல அது 2.6 கிலோமீட்டருக்கு மேல வந்துடும். டேப்லெட்டுல புள்ளி அசையாம நிக்குதுன்னா ஆள் நிக்கிறாரா, இல்ல மரத்தடியில சிக்னல் மேல போகாம பழைய இடத்தையே காட்டுதா, இல்ல டிராக்கர் இருக்குற பையை ஜீப்லயே விட்டுட்டுப் போயிட்டாரா, பாக்குறவருக்கு ஒண்ணும் புரியாது. அதனால புள்ளிக்குப் பக்கத்துல "கடைசியா வந்தது எத்தனை நிமிஷம் முன்னாடி"ன்னு காட்டாத ஆப்பை இந்த வேலைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. காட்டுற ஆப்பா இருந்தாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல பழசாயிட்டா உடனே வாக்கி டாக்கியில கூப்பிட்டுக் கேட்டே ஆகணும்.

அடுத்தது துல்லியம். வானம் திறந்திருந்தா ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டருக்குள்ள காட்டும், அடர்ந்த மரத்தடியிலயும் செங்குத்தான பள்ளத்துலயும் சிக்னல் கிளையிலயும் பாறையிலயும் பட்டுத் திரும்பி வர்றதால 10 மீட்டர், அதுக்கு மேலயும் தள்ளிக் காட்டும். நடந்து போறவங்களுக்கு இது பெரிய விஷயமில்ல, மரம் வெட்டுற இடத்துல உயிர் போற விஷயம். அமெரிக்காவுல மரம் வெட்டுற வேலைக்கான விதிப்படி பக்கத்துப் பக்கத்துல வேலை பாக்குறவங்களுக்கு நடுவுல குறைஞ்சது ரெண்டு மர நீளம் இடைவெளி இருக்கணும், 30 மீட்டர் மரம்னா 60 மீட்டர். ஐடஹோ பல்கலைக்கழகத்துல இதுக்காகவே மரம் வெட்டுற மெஷின் நகர நகர அதைச் சுத்தி நகர்ற ஆபத்து வட்டம், அதாவது ஜியோஃபென்ஸ், போட்டு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. அருமையான யோசனை. ஆனா அந்த வட்டத்தை சரியா 60 மீட்டர்ல வரைஞ்சா போதும்னு நினைக்கிறதுதான் தப்பு. ஜிபிஎஸ் 10 மீட்டர் தப்பாக் காட்டலாம், சிக்னல் 10 செகண்டுக்கு ஒரு தடவைதான் வருதுன்னா அதுக்குள்ள ஒரு ஆள் 12 மீட்டர் நடந்துடுவார், ஆக 22 மீட்டராவது கூட்டித்தான் கோடு போடணும். அப்படிப் போட்டாலும் அலாரம் அடிக்கலைங்கறதை வச்சு பக்கத்துல யாரும் இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது, கண்ணால பாத்துட்டுத்தான் ரம்பத்தை வைக்கணும்.

இப்போ ரேடியோவுக்கு வருவோம், ஏன்னா புள்ளி போனாலும் குரல் இருந்தா காப்பாத்தலாம். வாக்கி டாக்கியில ஃப்ரீக்வென்சி சரியா போட்டுட்டா பேசலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மலை உச்சியில இருக்குற ரிப்பீட்டர், அதாவது நம்ம சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்புற கருவி, எல்லா சத்தத்தையும் வாங்கித் திருப்பி அனுப்பாது, நம்ம குரலோட சேர்ந்து காதுக்குக் கேக்காத அளவுக்கு மெல்லிசா ஒரு டோன் வரணும், அந்த டோன் சரியா இருந்தாத்தான் கதவைத் திறக்கும். டோன் தப்பா இருந்தா நீங்க கத்திக்கிட்டே இருப்பீங்க, ரிப்பீட்டர் சும்மா இருக்கும், கொடுமை என்னன்னா அடுத்தவங்க பேசுறது பெரும்பாலும் உங்களுக்குக் கேக்கும், அதனால நாம பேசுறதும் போகுதுன்னு நினைச்சுக்குவோம். யார்னெல்லயும் சில ரேடியோவுல டோன் சரியா ப்ரோக்ராம் ஆகாம இருந்துச்சுன்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கு, மாத்து வழி பண்ணிச் சமாளிச்சிருக்காங்க. வெளியூர் குழு வந்து சேர்ந்ததும் முதல்ல பண்ண வேண்டிய வேலை, ஒவ்வொரு ரேடியோவுலயும் பேசி, மறுபக்கம் கேட்டுச்சான்னு பதில் வாங்குறது. காதுல கேட்டாலே போதும்னு விட்டுடாதீங்க. அப்புறம், 5 வாட் கைரேடியோ மலையைத் துளைச்சுட்டுப் போகாது, பள்ளத்துல இறங்குறீங்கன்னா மேட்டுல ஒரு ஆளை நிறுத்தி அவர் வழியா பேசணும்.

ஆனா யார்னெல்ல என்னை அதிகமா உலுக்குறது கருவி விஷயம் இல்ல, பேச்சு விஷயம். ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச கருப்புத் தரையில இருந்து அந்தக் குழு கிளம்பினதுக்கப்புறம் அவங்க எங்க போறாங்கன்னு ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் புரிஞ்சிருக்கு. பேசினதெல்லாம் சுருக்கமா, பிடிகொடுக்காத மாதிரி இருந்ததாலன்னு அறிக்கை சொல்லுது, அது தவிர 30 நிமிஷத்துக்கு மேல அவங்ககிட்ட இருந்து என்ன பேச்சு வந்துச்சுன்னு உறுதியா எதுவுமே கிடைக்கல. "நாங்க சேஃப், நகர்றோம்"னு சொன்னா கேக்குறவர் தன் மனசுல இருக்குற இடத்துலயே உங்களை வச்சுக்குவார். எங்கிருந்து, எந்தப் பக்கம், எது வழியா, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், இந்த நாலையும் சொல்லுங்க, கேக்குறவர் திருப்பிச் சொல்லட்டும். பால் க்ளீசன்ங்கற தீயணைப்பு வீரர் 1991ல கண்காணிக்க ஆள், தகவல் தொடர்பு, தப்பிக்க வழி, ஒதுங்க பாதுகாப்பான இடம்னு நாலு விஷயத்தைச் சேர்த்தே சொன்னார், தகவல் தொடர்பு அறுந்துட்டா மிச்ச மூணும் மத்தவங்களுக்குத் தெரியாமலே போயிடும்.

அட்சரேகை தீர்க்கரேகை சொல்றதுலயும் ஒரு பொறி இருக்கு. 30 நிமிடம் 30 விநாடிங்கறதும் 30.30 நிமிடங்கறதும் வேற வேற, 30 விநாடின்னா அரை நிமிடம், அதாவது 30.50. அட்சரேகையில இதை மாத்தி எழுதிக்கிட்டா 370 மீட்டர் தள்ளிப் போயிடும், தண்ணி ஊத்த வர்ற ஹெலிகாப்டர் பக்கத்துப் பள்ளத்துல ஊத்திட்டுப் போயிடும். அமெரிக்காவுல தீயணைக்குற விமானங்களுக்கு டிகிரியும் தசம நிமிடமும்னு ஒரே முறை வச்சிருக்காங்க, நீங்க எந்த முறை வச்சாலும் குழு மொத்தமும் அதே செட்டிங்ல இருக்கான்னு முதல்லயே பாத்துக்கணும்.

நம்ம ஊர்ல இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: டேராடூன்ல இருக்குற இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் சேட்டிலைட்ல பாத்து தீ எச்சரிக்கையை மெசேஜா அனுப்புது, பதிவு பண்ணா உங்களுக்கும் வரும். ஆனா அதுல வர்ற புள்ளி தீயோட சரியான இடம் இல்ல, 375 மீட்டர் சதுரத்தோட நடுப்புள்ளி, அதாவது கிட்டத்தட்ட 35 ஏக்கர்ல எங்கயோ. அந்த சேட்டிலைட் கடந்து போறது மத்தியானம் ஒன்றரை மணி சுமாருக்கும் ராத்திரி ஒன்றரை மணி சுமாருக்கும், நடுவுல பத்திக்கிட்டது அடுத்த சுத்து வரைக்கும் அதுல தெரியாது, மேகம் இருந்தா அப்பவும் தெரியாது. மெசேஜ் வரல, அதனால தீ இல்லன்னு நினைச்சு யாரும் உள்ள போயிடாதீங்க. 2018 மார்ச் 11ல தேனி பக்கம் குரங்கணியில மலையேறப் போன 23 பேரை காட்டுத்தீயில இழந்தோம். தீ எங்கன்னு காட்டுற மேப் ஒரு பக்கம், காட்டுக்குள்ள யார் யார் இருக்காங்கங்கற லிஸ்ட் இன்னொரு பக்கம்னு தனித்தனியா இருந்தா ரெண்டாலயும் பிரயோஜனம் இல்ல, ரெண்டும் ஒரே ஆள் கண்ணு முன்னாடி ஒரே திரையில இருக்கணும்.

கடைசியா ஃபோன். டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப் படம்தான் வராது. கிளம்புறதுக்கு முன்னாடி ஏரோபிளேன் மோடுல போட்டு நீங்க போற பகுதியைத் திறந்து பெருசாக்கிப் பாருங்க, வெறும் கட்டமா இருந்தா இன்னும் டவுன்லோட் ஆகல, டவர் இருக்குற இடத்துலயே நின்னு இறக்கிக்கோங்க.