வயிற்றுத் தசை வலுப்பெற எந்தப் பயிற்சி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

தைப்பூசம் நெருங்க நெருங்க, இங்கே மொரிஷியசில் என்னிடம் வரும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, தினம் எத்தனை சிட்-அப் எடுக்கணும்?" மல்லாந்து படுத்து எழுந்து உட்காரும் பயிற்சியைத்தான் சொல்கிறார்கள். காவடி எடுக்க நேர்ந்துகொண்ட இளைஞர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், தொப்பை குறைய வேண்டும் என்பவர்களும், பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலியால் அவதிப்படும் பெண்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

எத்தனை என்பதைப் பிறகு பார்ப்போம். எந்தப் பயிற்சி என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நான் சொல்லும் சோதனை எளிது. செய்யும்போது கீழ்முதுகு அசையாமல் நிற்கிறதா? மூச்சு தடையில்லாமல் போய் வருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்தப் பயிற்சி இன்றைக்கு உங்களுக்கு ஏற்றது. ஒன்று தவறினாலும், ஊரே செய்தாலும், உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

படி 1: வயிற்றுத் தசையின் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வயிற்றில் இருப்பது ஒரே தசை அல்ல. விலா எலும்பிலிருந்து அடிவயிறு வரை முன்பக்கம் நேராக இறங்கும் தசையைத்தான் 'சிக்ஸ் பேக்' என்கிறோம். பக்கவாட்டில் சாய்வாக இரண்டு அடுக்குகள் உண்டு. அவற்றுக்கும் உள்ளே, இடுப்பைச் சுற்றிக் கட்டிய அரைக்கச்சை போல, இன்னொரு அடுக்கு இருக்கிறது.

நாள் முழுக்க இவை அதிகம் செய்யும் வேலை உடம்பை மடக்குவது அல்ல, முதுகுத்தண்டு ஆடிவிடாமல் பிடித்துக்கொள்வது. காவடி எடுப்பவரைக் கவனியுங்கள். தோளில் வளைந்த மரச்சட்டம், அதன் மேல் பூவும் ஓலையும், பால் சொம்புகள். வெயிலில் வெறுங்காலோடு நெடுந்தூரம் நடை. ஒவ்வொரு அடிக்கும் பாரம் ஒரு பக்கம் இழுக்கிறது, உடம்பு சாயாமல் தாங்குகிறது. அந்த நடையில் யாரும் குனிந்து குனிந்து எழுவதில்லை. அப்படியிருக்க, அதற்குத் தயாராகும் பயிற்சி மட்டும் ஏன் குனிந்து எழுவதாக இருக்க வேண்டும்?

சிட்-அப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோள்பட்டை தரையை விட்டு எழும் வரைதான் வேலை பெரும்பாலும் வயிற்றுக்கு. அதற்கு மேல் முழுதாக எழுந்து உட்கார வைப்பது, கீழ்முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை. அது இழுக்கும்போது முதுகெலும்பின் மேல் அழுத்தம் ஏறுகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் முதுகெலும்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். சிட்-அப்புக்குப் பதிலாக அவர் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளில் இரண்டைக் கீழே, 5, 6-ஆம் படிகளில் சொல்லியிருக்கிறேன்.

படி 2: தொப்பையைத் தனிக் கணக்கில் வையுங்கள்

வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையாது. எந்த இடத்துத் தசையை வேலை வாங்கினாலும், கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும்தான் குறையும். அதற்குச் சாப்பாடும் நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சர்க்கரை நோய் பரவலாக உள்ள தீவு நம்முடையது. அதனால் ஒரு டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எட்டிவிட்டாலே எச்சரிக்கைதான்.

படி 3: வயிற்றை இறுக்கப் பழகுங்கள்

பாய் விரித்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். விரல் நுனிகளை இடுப்பெலும்புக்குச் சற்று உள்ளே வைத்து, மெல்ல இருமிப் பாருங்கள். விரலுக்கு அடியில் கெட்டியாகிறதே, அந்த இறுக்கத்தில் பாதி போதும். வயிற்றை உள்ளே எக்க வேண்டாம், வெளியே தள்ளவும் வேண்டாம். அப்படியே வைத்துக்கொண்டு ஒன்று முதல் பத்து வரை வாய்விட்டு எண்ணுங்கள். குரல் அடைத்தால் தம் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். இது பிடிபடும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூன்று நான்கு நாள் ஆனாலும் பரவாயில்லை.

படி 4: டெட் பக்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மல்லாந்து படுத்து இரண்டு கைகளையும் கூரையை நோக்கி நீட்டுங்கள். முழங்கால்கள் இடுப்புக்கு நேர் மேலே மடங்கி நிற்கட்டும். வயிற்றை இறுக்கிக்கொண்டு, வலது கையைத் தலைக்குப் பின்னாலும், இடது காலை முன்னாலும் மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போது மூச்சை விடுங்கள். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அடுத்த பக்கம் செய்யுங்கள்.

கீழ்முதுகுக்கு அடியில் ஒரு மெல்லிய துண்டை மடித்து வைத்து, அதன் முனையை யாராவது லேசாக இழுக்கட்டும். கால் இறங்கும்போது துண்டு உருவிக்கொண்டு வந்துவிட்டால் முதுகு வளைந்துவிட்டது. எங்கள் பயிற்சியில் ஒரு பாட்டிக்கு முதல் வாரம் துண்டு ஒவ்வொரு முறையும் வந்துவிட்டது. காலை நீட்ட வேண்டாம், மடக்கிய நிலையிலேயே குதிகாலால் தரையைத் தொட்டு எடுங்கள் என்றேன். துண்டு அசையவே இல்லை. அவருக்கு அன்றைய சரியான பயிற்சி அதுதான்.

இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறக்கும் பயிற்சியைப் பலர் முதல் நாளே தொடங்குகிறார்கள். இரண்டு காலும் சேர்ந்தால் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர் சுமார் 20 கிலோவைத் தாங்க வேண்டும். அதற்குப் பழகாத வயிறு விட்டுக்கொடுக்கும், முதுகு வில்லாக வளையும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

பக்கத்துக்கு 6 முறை, 2 சுற்று.

படி 5: பேர்ட் டாக்

கையையும் முழங்காலையும் ஊன்றி நில்லுங்கள். வலது கையை முன்னும் இடது காலைப் பின்னும் நீட்டி 8 முதல் 10 விநாடி நிறுத்துங்கள். காலை உயரமாகத் தூக்க வேண்டியதில்லை, பின்னால் இருக்கும் சுவரைக் குதிகாலால் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் கையை ஊன்றிவிட்டுக் காலை மட்டும் நீட்டுங்கள். பக்கத்துக்கு 5 முறை.

படி 6: சைட் பிளாங்க்

ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, முழங்காலை மடக்கியபடி இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில். 10 விநாடி நிறுத்தி இறக்கி, மறுபடி தூக்குங்கள். பக்கத்துக்கு 4 முறை. தோள் வலித்தால் நின்றபடி சுவரில் முழங்கையை ஊன்றிச் செய்யலாம்.

குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கி நிறுத்தும் வழக்கமான முன்பக்க பிளாங்க்கும் இப்படித்தான்: 10 விநாடி, சிறு ஓய்வு, மறுபடி. மூன்று நிமிடம் தாங்கினேன் என்பதில் பெருமை வேண்டாம். இடுப்பு தொய்ந்த பிறகு போகும் ஒவ்வொரு விநாடியும் முதுகுக்குத்தான் சுமை.

படி 7: ஒரு கையில் சுமை நடை

சந்தைக்குக் கொண்டுபோகும் தாந்த் பையில் 5 லிட்டர் தண்ணீர் கேனை வையுங்கள். 5 கிலோ ஆயிற்று. ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு, வெறுங்கையோடு நடப்பது போல நிமிர்ந்து 20 காலடி நடங்கள். கை மாற்றித் திரும்புங்கள். சுமை வலக்கையில் இருந்தால் இடது விலாப்பக்கம் இறுகுவது தெரியும். காவடிக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி வேறில்லை. 4 முறை போய் வந்தும் தோள் சாயவில்லை என்றால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

படி 8: வாரத்தில் எத்தனை நாள்?

ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள், 15 நிமிடம். சூறாவளி எச்சரிக்கையில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் நாளிலும் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். எண்ணிக்கை சுலபமாகிவிட்டால் முறைகளைக் கூட்டாமல் பயிற்சியைக் கடினமாக்குங்கள்: டெட் பக்கில் காலை இன்னும் நீட்டுங்கள், சைட் பிளாங்க்கில் முழங்காலுக்குப் பதில் பாதத்தை ஊன்றுங்கள்.

இவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்

குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முதுகு வலி காலுக்கு இறங்கி மரத்துப்போகிறவர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தம் பிடிக்கவே கூடாது, அது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும்.

பிரசவமான பெண்கள் ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுவில் விரல்களைக் குறுக்காக வையுங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினாலோ, நடுவில் கூம்பாகப் புடைத்தாலோ, தசைகள் இன்னும் சேரவில்லை. பிளாங்க்கைத் தள்ளிவைத்துவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

காவடி எடுப்பவர்கள் விரதம் தொடங்குவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். விரத நாட்களில் எடையைக் கூட்ட வேண்டாம். மூன்றாவது படியும் டெட் பக்கும் போதும், அதுவும் வெயில் ஏறும் முன் விடியற்காலையில்.