ஃப்ளூ ஊசி: கேட்காதீர்கள், சொல்லுங்கள்

"ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறீர்களா?" என்று நோயாளியிடம் கேட்காமல், "இந்த வருட ஃப்ளூ ஊசி உங்களுக்குப் பாக்கி இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கேள்வியாகக் கேட்டால் 'அப்புறம் பார்க்கலாம்' என்பதுதான் சுலபமான பதில். மருத்துவரே வழக்கமான விஷயமாகச் சொல்லும்போது பலரும் சரி என்கிறார்கள். இன்னொரு நாள் வரும் அலைச்சலும் மிச்சம். "ஊசி போட்டாலே ஃப்ளூ வருமாமே" என்று தயங்குபவரிடம் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்: ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, அதனால் ஃப்ளூ வராது, கை வலியோ லேசான காய்ச்சலோ ஓரிரு நாளில் போய்விடும். அப்படியும் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அடுத்த வருகையில் மறுபடி சொல்லலாம். 6 மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கும், முன்பு இந்த ஊசியால் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கும் இது பொருந்தாது. கடும் காய்ச்சலோடு வந்தவருக்குக் குணமான பிறகு போடுங்கள்.