பறவைக்கூடு பெரணியை மண்ணில் புதைக்காதீர்கள்

பறவைக்கூடு பெரணியை (bird's nest fern) வாங்கி வந்ததும் பலரும் செய்கிற தவறு, தோட்டத்து மண்ணைத் தோண்டி ஆழமாக நட்டுவிடுவது. காட்டில் இது பெரும்பாலும் மரக்கிளையில் உட்கார்ந்து வளர்கிற செடி. நடுவில் கூடு மாதிரி குழிந்த இடத்தில் விழுகிற சருகு மக்கி, அதுதான் இதற்குச் சாப்பாடு. அதனால் வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும், களிமண்ணில் வைத்தால் அழுகிவிடும்.

தரையில்தான் வைக்க வேண்டுமா, சரி. மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி, தேங்காய் நார்த்துண்டு, இலைமக்கு, கொஞ்சம் கரித்துண்டு கலந்து, குருத்து புதையாமல் மேலாக நடுங்கள். இடம் மரத்தடி நிழலாக இருக்கட்டும். இலைகளுக்கு நடுவே சலித்து விழுகிற வெளிச்சம் போதும், உச்சி வெயில் பட்டால் இலை வெளிறி, ஓரம் கருகிவிடும்.

தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றுங்கள். காட்டில் மழை கூட்டுக்குள்ளேதான் விழுகிறது என்பது உண்மைதான், ஆனால் காற்றோட்டமில்லாத மூலையில் குருத்தில் தண்ணீர் தேங்கினால் அது அழுகும், இந்தச் செடிக்கு இருப்பது ஒரே குருத்து, அது போனால் செடியே போச்சு. பிரித்து நடவும் வழியில்லை.

அந்தக் குருத்தை ஒருநாள் குனிந்து பாருங்கள். நத்தை ஓடு போலச் சுருண்ட இளம் இலைகள் மெல்ல நிமிர்ந்து வருவது அவ்வளவு அழகு! தொட மட்டும் வேண்டாம், விரல் பட்டுக் கசங்கினால் அந்த இலை கோணலாகவே விரியும்.

இலையின் அடியில் பழுப்புக் கோடுகளைப் பார்த்து மருந்தைத் தேடி ஓடாதீர்கள். நடு நரம்பிலிருந்து சாய்வாக, ஒரே சீராக ஓடினால் அவை ஸ்போர்கள், அதாவது பெரணி இனம் பெருக்கும் தூள் போன்ற வித்துகள்; செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஒழுங்கில்லாமல் அங்கங்கே ஒட்டியிருந்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தால்தான் செதில் பூச்சி, ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிடலாம். உரம் என்றால் வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை, திரவ உரத்தை அதன் மேல் எழுதியிருக்கிற அளவில் பாதியாகக் கரைத்து ஊற்றினால் போதும்.

என்னைக் கேட்டால் மரத்தில் கட்டுவதுதான் இதற்குச் சரியான இடம். சொரசொரப்பான பட்டையுள்ள மரமாகப் பார்த்து, வேரைச் சுற்றித் தேங்காய் நாரைப் பொதிந்து, குருத்து கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி கயிற்றால் கட்டுங்கள். நார் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் சில மாதங்களில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். லேசாக அசைத்துப் பார்த்து, ஆடவில்லை என்றால் அப்புறம் கயிற்றை அறுத்துவிடலாம்.