ஸ்டேப்லர் அடிக்கும் முன் இரண்டு சிரையையும் பாருங்கள்

மார்பைத் திறந்து நுரையீரல் மடலை எடுக்கும்போது கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கலாம், ரத்தக்குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று விரலுக்கே தெரிந்துவிடும். மூன்று நான்கு சென்டிமீட்டர் துளை வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும்போது அந்த வசதி கிடையாது. அதனால் தேடும் வேலையை முந்தின நாளே சிடி ஸ்கேனில் முடித்துவிட வேண்டும்.

ரத்தக்குழாய்களைத் துலக்கிக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து ஒரு மில்லிமீட்டர் அடுக்குகளாக எடுத்த சிடி வேண்டும். ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீர்கள், அதில் கட்டியைப் பற்றி விவரமாக இருக்கும், நுரையீரலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் சிரை எங்கே போய்ச் சேருகிறது என்பது பெரும்பாலும் இருக்காது. இதயத்தின் இடது மேலறையில் ஆரம்பித்து ஒவ்வொரு சிரையாகப் பிடித்துக்கொண்டு நுரையீரலுக்குள் போங்கள். முப்பரிமாணப் படம் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பொறுமை இருந்தால் போதும்.

எனக்கு அதிகப் பயம் இடது பக்கம்தான். மேல்சிரையும் கீழ்சிரையும் வழக்கமாகத் தனித்தனியே இதயத்தில் சேரும், ஆனால் சிலருக்கு இரண்டும் வெளியிலேயே ஒன்றாகி ஒரே தண்டாக உள்ளே போகும், முன்பக்கமிருந்து பார்த்தால் அசப்பில் மேல்சிரை மாதிரியே இருக்கும். அதில் ஸ்டேப்லர், அதாவது குழாயை மூடித் துண்டிக்கும் கருவி, அடித்தால் கீழ்மடலின் ரத்தமும் வெளியேற வழியில்லாமல் போய்விடும். சிரையை மறுபடி இணைக்க வேண்டும், முடியாவிட்டால் முழு நுரையீரலையும் எடுக்க வேண்டும். எனவே நுரையீரலின் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும் கீழ்த் தசைநாரை விடுவித்து, கீழ்சிரை தனியாக நுழைவதைக் கண்ணால் பார்த்த பிறகே மேல்சிரையில் கை வையுங்கள். சிடியில் தெளிவாக இருந்தாலும் பாருங்கள். அப்புறம், மேல்மடலின் நாக்குப் பகுதிக்குப் போகும் தமனி சிலருக்கு இரு மடல்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் கிளம்பாமல் முன்பக்கமாக, மேல்சிரைக்குப் பின்னால் இறங்கும். கண்ணுக்குத் தெரியாமல் கருவியைச் சிரைக்குப் பின்னால் செலுத்தினால் கிழிந்துவிடும்.

வலது பக்கம், மேல்மடலின் பின்பகுதிச் சிரை சிலருக்கு மூச்சுக்கிளைக் குழாயின் பின்னால் ஓடும், அங்கே நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது கவனம்.

இன்னொன்று, எடுக்காமல் விடப்போகிற மடலின் சிரை இடது மேலறைக்குப் போகாமல் உடலின் மேற்பகுதி ரத்தத்தை இதயத்தின் வலது பக்கத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரையில் சேர்ந்தால், அறுவைக்குப் பின் அந்த வழியாகக் கூடுதல் ரத்தம் திரும்பி இதயத்தின் வலது பக்கம் திணறலாம். இதய சர்ஜனிடம் முன்பே பேசிவிடுங்கள், சிரையை அதே மேசையில் மாற்றி இணைக்கவும் நேரலாம்.

ரத்தம் பீறிட்டால் குழாயைக் கவ்வும் கிளிப்பைத் தேடாதீர்கள், பஞ்சுச் சுருளால் அழுத்திப் பிடியுங்கள். நுரையீரல் தமனியில் அழுத்தம் குறைவு, அழுத்தினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால், அழுத்திய கையை எடுக்காமலே மார்பைத் திறக்கச் சொல்லுங்கள்.