பண்டிகைக்கு ஊருக்குப் போகையில் அப்பா அம்மாவிடம் கடைசிக்காலம் பற்றிப் பேசுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன், தங்கை, மருமக்கள் எல்லாரும் அப்பா அம்மா முன்னால் ஒன்றாக உட்காருவது வருஷத்துக்கு நாலைந்து நாள்தான். நோய் முற்றினால் என்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், காரியம் எப்படி நடக்க வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளப் பொங்கல் விடுமுறை நல்ல சமயம். கேட்கும் விதத்தால்தான் அது பெரும்பாலும் கெடுகிறது.

பானை பொங்கும் காலையில் சாவுப் பேச்சை எடுத்தால் "நல்ல நாளும் அதுவுமா" என்று வாயை அடைத்துவிடுவார்கள். பஸ் ஏறப்போகும் மாலையும் வேண்டாம். பாதியில் நின்ற பேச்சை மனசில் சுமந்துகொண்டு அவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். மாட்டுப் பொங்கல் பிற்பகலில் தொடங்கினால், விட்டதை மறுநாள் காணும் பொங்கலன்று பேசிக்கொள்ளலாம்.

அடுத்த தவறு, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா…" என்று ஆரம்பிப்பது. பெரியவர்கள் காதில் அது சொத்துக் கணக்காகத்தான் விழும். சொத்துப் பேச்சை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு சாவிலிருந்து தொடங்குங்கள். "தாத்தா ஐசியூவுல கிடந்தப்ப எது சரின்னு பட்டுது, எது கூடாதுன்னு பட்டுதுப்பா?" என்று கேட்டால் பதில் தானாக வரும். வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, வென்டிலேட்டரும் மூக்கு டியூபும் எதுவரை, நினைவு தப்பினால் யார் முடிவு சொல்வது என்ற மூன்றுக்கும் பதில் வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

நம்பிக்கையை விவாதமாக்குவதுதான் பல வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. அம்மா "சிவலோகம் போறேன்" என்கிறார். பகுத்தறிவு பேசும் மகன் அதை மறுக்கக் கிளம்புகிறார். ஒரு மணி நேரம் போன பிறகு, அம்மாவுக்கு வென்டிலேட்டர் வேண்டுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆன்மா உண்டா இல்லையா என்பது கருத்து. எரிக்க வேண்டுமா புதைக்க வேண்டுமா என்பது விருப்பம். கருத்தைக் கேட்டுக்கொண்டால் போதும், விருப்பத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்பா கடவுள் மறுப்பாளர், அம்மா பதினாறாம் நாள் காரியம் வேண்டும் என்பவர் என்றால், உடலுக்குச் செய்வதை அப்பா விருப்பப்படியும், இருப்பவர்களின் ஆறுதலுக்காகச் செய்வதை அம்மா விருப்பப்படியும் பிரித்துக்கொள்ளலாமா என்று இருவரையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். அப்பா போன பிறகு அம்மாவிடம் தனியாகக் கேட்பது கொடுமை.

கலப்புத் திருமணக் குடும்பங்களில் அவரவர் மதத்தின் முறையை ஊகித்துக்கொள்வதும் தப்பாகப் போகும். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. ஆனால் சாம்பலைத் தூவுவதை ஏற்பதில்லை. ஆற்றில் கரைக்கலாம் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நோயில்பூசுதல், அதாவது பாதிரியார் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு, உயிரோடு இருப்பவருக்கானது. மூச்சு நின்ற பிறகு பாதிரியாரைத் தேடி ஓடினால் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது.

உயிர் பிரியும் நேரத்தில் வாயில் பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிவிடுங்கள். கடைசி நாட்களில் விழுங்கும் சக்தி போய்விடும். பேரப்பிள்ளைகள் வரிசையாக நின்று ஸ்பூனில் ஊற்றும் பால் வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். போகிற உயிர் திணறிப் போகும். பாலிலோ கங்கை நீரிலோ பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டில் தடவினால் சடங்கும் நிறைவேறும், வறண்ட வாய்க்கும் இதமாக இருக்கும். தொண்டையில் சளி இழுக்கும் சத்தம் கேட்டால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள்.

கண்தானத்துக்கு அட்டை வாங்கி வைத்திருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டார்தான் கண் வங்கியைக் கூப்பிட வேண்டும். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையணையால் தலையை உயர்த்திவைத்துக் காத்திருங்கள். சர்க்கரை நோயோ கண்புரை அறுவைசிகிச்சையோ இதற்குத் தடை இல்லை. உடல்தானத்துக்கு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்த உடலைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள்.

பேசியதை உயிலில் எழுதிவைப்பது இன்னொரு தவறு. உயில் பேசத் தொடங்குவதே ஆள் போன பிறகுதான். ஐசியூவில் அதனால் பயன் இல்லை. நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்க அதற்கென்றே முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் இருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டதால் யாரும் அதன் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது தெளிந்த மனநிலையில் உள்ள 18 வயது நிரம்பியவர் 2 சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கினால் போதும்.

"நிம்மதியாப் போகணும்" என்று மட்டும் எழுதினால் மருத்துவரால் எதையும் செய்ய முடியாது. எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று குறிப்பாக எழுத வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுத முடியாது, அது குற்றம். வலி நிவாரணம் எந்நிலையிலும் தொடர வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். முடிவு சொல்லும் பொறுப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிக்கலாம் என்பதால், வெளிநாட்டில் இருப்பவரை மட்டும் போடாமல் பக்கத்து ஊர்ப் பிள்ளையையும் சேருங்கள். எழுதியபடி சிகிச்சையை நிறுத்தலாமா என்று ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள், இயன்றவரை ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள், கருத்துச் சொல்லும். அந்த நேரத்தில் நேரில் போய்ப் பேச ஆள் வேண்டும்.

ஒரிஜினலைப் பீரோவில் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிடாதீர்கள். பொறுப்பாளர்கள் கையிலும் குடும்ப மருத்துவரிடமும் நகல் இருக்கட்டும். மனசு மாறினால் எழுத்தில் ரத்துசெய்து புதிதாக எழுதலாம். அதனால் அடுத்த பொங்கலுக்குப் போகும்போது ஒருமுறை அவர்களுக்குப் படித்துக் காட்டி, இப்போதும் இதுதானா என்று கேளுங்கள்.