தம்பியின் பாட்டும் குளிசையும்: பைபோலர் உள்ள கலைஞரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு

ஒரு கலைஞருக்கு பைபோலர், அதாவது மனநிலை அளவுமீறி ஏறியும் இறங்கியும் மாறும் நோய், என்று தெரிந்ததும் நண்பர்கள் பிரபலங்களின் பட்டியலை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தம்பி மிருதங்கம் வாசிப்பவன், பாட்டும் எழுதுவான். ஓவியர் வான் கோவுக்கு இருந்ததாம், எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபுக்கு இருந்ததாம் என்று வந்ததையெல்லாம் படித்துவிட்டு, "அக்கா, குளிசை போட்டா பாட்டு வராது" என்றான். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும்.

வந்தால் அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வான் கோ 1890இல் இறந்தவர். அவருக்கு என்ன நோய் என்பது பின்னால் வந்தவர்களின் ஊகம். அதை நம்பி இன்றைக்கு ஒருவர் மருந்தை விட முடியாது. தாங்களே வாய்திறந்து சொன்னவர்கள் வேறு. நடிகை கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் 2011இல் சொன்னார். பாடகி மரியா கேரி, 2001இலேயே தனக்கு நோய் கண்டறியப்பட்டதை 2018இல் சொன்னார். இருவரும் சிகிச்சை பெற்றவர்கள். அதன் பிறகும் ஒருவர் நடித்தார், மற்றவர் பாடினார்.

மருந்து கலையைக் கொன்றுவிடுமா என்பதற்கு நேரான பதில் ஒன்று இருக்கிறது. டென்மார்க் வைத்தியர் மொகன்ஸ் ஷௌ, பைபோலருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துவந்த 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் முன்பைவிடக் கூடுதலாகப் படைப்பதாகச் சொன்னார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்துவிட்டது என்றார்கள். அந்தக் கடைசி 6 பேரை மறைக்காதீர்கள். நான் தம்பியிடம் முழுக் கணக்கையும் சொன்னேன். லித்தியத்தால் கை இலேசாக நடுங்கும்; மிருதங்கம் வாசிப்பவனுக்கு அது சின்ன விஷயமே இல்லை. அதை வைத்தியரிடம் அப்படியே சொல்ல வேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சொல்லாமல் சட்டென்று நிறுத்தினால்தான் நோய் திரும்பவும் பாய்ந்து வரும்.

அப்புறம், உங்கள் வீட்டுக் கலைஞர் நன்றாக இருக்கும் நாளில் பக்கத்தில் இருந்து ஒரு கடதாசி எழுதுங்கள். மனநிலை ஏறும்போது என்ன நடக்கும், இறங்கும்போது என்ன நடக்கும், அப்போது நீங்கள் என்ன செய்ய அவர் அனுமதிக்கிறார். தம்பியின் கடதாசியில் இருப்பவை: மூன்று மணி நேரம் நித்திரை கொண்டும் களைப்பில்லாமல் எழும்புவது, நடுச்சாமத்தில் எல்லோருக்கும் அழைப்பு எடுப்பது, கடனுக்கு ஒலிவாங்கி வாங்குவது. இவற்றில் இரண்டைக் கண்டால் வங்கி அட்டை என் கைக்கு வரும், மறுநாளே வைத்தியருக்கு அழைப்பு போகும். அவனே எழுதிய வரி என்பதால் சண்டை குறைவு.

அவனுடைய பாட்டுக் கொப்பியும் நிறையச் சொல்லும். ஏறிய கிழமைகளில் எழுத்து பெரிதாகும், ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கும், ஒரு பல்லவிக்கும் சரணம் வந்திருக்காது. சுகமாக இருக்கும் பக்கங்களிலோ ஒரே வெட்டும் திருத்தமும். ஒரு சொல்லை அடித்து, மேலே இன்னொன்று, அதையும் அடித்து மூன்றாவது. மேடையில் அவன் பாடியவை எல்லாம் அந்த வெட்டு விழுந்த பக்கங்களில் இருந்து வந்தவை. இதை அவனுக்கே காட்டினேன். நூறு அறிவுரையைவிட அது வேலை செய்தது.

நித்திரையைக் காவல் காப்பதுதான் உங்கள் பெரிய வேலை. நித்திரை கெட்டால் மேனியா, அதாவது அந்த ஏற்றம், வரலாம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், மாலையில் கச்சேரி செய்து, அன்றிரவே திரும்பி வருவது நம் கலைஞர்களுக்குச் சாதாரணம். பைபோலர் உள்ளவருக்கு அது வேண்டாம். பகல் பயணம், அங்கே ஓர் இரவு தங்கல் என்று ஒழுங்கு செய்பவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

லித்தியம் எடுப்பவருக்குக் கொழும்பு வெயிலே ஓர் ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்து கூடிவிடும். தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மூட்டு வலிக்கு பாமசியில் ஐபுபுரோஃபனோ டைக்ளோஃபெனாக்கோ கேட்டு வாங்கிப் போடக் கூடாது. வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம், கை பலமாக உதறுவது கண்டால் உடனே ஆஸ்பத்திரி. இரத்தப் பரிசோதனை கடைசிக் குளிசைக்கு 12 மணி நேரத்துக்குப் பிறகு. இரவு 9 மணிக்குப் போட்டவர் காலை 9 மணிக்குக் கொடுத்துவிட்டுத்தான் காலைக் குளிசை போடலாம். சிறுநீரகமும் தைராய்டும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். சோர்ந்து கிடக்கும்போது மட்டும் வைத்தியரிடம் போனால், ஏறிய நாட்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சோர்வுக்கான மருந்தைத் தனியே கொடுத்தால் மேனியா கிளம்பக்கூடும். அரச வைத்தியசாலைகளில் இந்தக் கிளினிக் இலவசம். அங்கொடை என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்; அந்த வசவுக்குப் பயந்து எத்தனை வீடுகள் அங்கே இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் வாசலை மிதிக்காமல் இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இறங்கும் நாட்களில் பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பாடு, குளிப்பு, குளிசை, அவ்வளவுதான். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், குளிசைப் போத்தல்களை உங்கள் அறைக்கு எடுத்துவிடுங்கள், 1926க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அழைப்புக்கும் காத்திராமல், கிட்டிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டோ பிடியுங்கள். கிளினிக் கொப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள்.